பத்திரம் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

எங்கடின் பள்ளத்தாக்கில் எம்மவர் அறியவேண்டிய ஊர்வழக்கும் உரிமையும்

சுவிற்சர்லாந்தில் தஞ்சம் கோரும் ஒருவர் தாம் வாழப்போகும் ஊரைத் தாமே தெரிவுசெய்வதில்லை. கூட்டாட்சி அரசின் மையங்களிலிருந்து வெளியே வரும் மக்கள், நாட்டின் 26 கன்ரோன்களுக்கும் குடித்தொகைக்கு ஏற்பப் பங்கிடப்படுகின்றனர். சூரிச்சில் தம்பி இருக்கிறான், பேர்ணில் மாமா இருக்கிறார் என்று சொல்லிப் பார்ப்பதில் பெரும்பாலும் பயன் கிட்டுவதில்லை. கணவன், மனைவி, வயதுவராத பிள்ளைகள் ஆகிய நெருங்கிய உறவுக்கே சட்டம் முதலிடம் கொடுக்கிறது. இவ்வாறு கிரவ்புண்டன் கன்ரோனின் பங்கில் விழுந்தவர்களும், விடுதிகளில் வேலை தேடித் தாமாகவே மலையேறியவர்களும், அந்நாட்டின் தென்கிழக்கு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் எங்கடின் பள்ளத்தாக்கை வந்தடைகின்றனர்.

பெருநகரங்களைப்போல எம்மவர் திரளாக வாழும் இடமன்று அது. தமிழ்க் கடையும் கோயிலும் தெருமுனையில் இல்லை. பேர்ண் நகரில் 2014 இல் திறக்கப்பட்ட ‘சமயங்களின் இல்லம்’, அங்கே தமிழில் வழிபாடு நிகழும் சைவநெறிக்கூடம் போன்றவற்றுக்குப் போய்வருவதென்றால் ஒரு நாள் முழுவதும் புகையிரதத்திற் கழிந்துவிடும். ஆகவே அங்கே குடியமர்ந்த குடும்பம் தன் நாளாந்த வாழ்வுக்கு அயலவரையும் உள்ளூர்ச் சபையையுமே நம்பி இருக்க வேண்டியுள்ளது.

ஆனால் எம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு வேறாக இருக்கிறது. “பேர்ணிலிருந்து கடிதம் வரட்டும், பிறகு பார்ப்போம்.” மொழி படிப்பதும் பிறகு, பிள்ளையை ஊர் விழாவுக்கு அனுப்புவதும் பிறகு, அயல்வீட்டாருடன் பேசுவதும் பிறகு. அந்தக் கடிதம் ஓராண்டிலும் வரலாம், ஐந்தாண்டு கடந்தும் வரலாம். இடையிலே வளரும் பிள்ளைக்கு மட்டும் ‘பிறகு’ என்ற ஒன்று இல்லை. எங்கடினில் வாழும் குடும்பங்களை முன்னிறுத்தி நாம் இக்கட்டுரையில் ஆராய முற்படுவது இதனையே: கையில் என்ன பத்திரம் இருக்கிறது என்பதைப் பாராமல், இன்றே நமக்குத் திறந்திருக்கும் வாசல்கள் எவை?

புலம்பெயர்ந்தோரின் பள்ளத்தாக்கு

எங்கடின் என்பது இன் ஆறு பாயும் நீண்ட பள்ளத்தாக்கு. மேல் எங்கடினில் சென் மொறிற்ஸ், சமேடன், போன்றெசீனா முதலிய ஊர்கள் உள்ளன. சென் மொறிற்ஸ் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 1928 இலும் 1948 இலும் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நிகழ்ந்த அவ்வூரை உலகச் செல்வந்தர் அறிவர். கீழ் எங்கடினில் சேர்னெற்ஸ், குவார்டா, ஆர்டெஸ், ஸ்குவோல் ஆகிய ஊர்கள் மலைச்சரிவிலும் ஆற்றோரத்திலும் அமைந்துள்ளன. 1903 இல் அல்புலா மலையைக் குடைந்து புகையிரதப் பாதை திறக்கப்படும்வரை, குளிர்காலத்தில் இப்பள்ளத்தாக்கு வெளியுலகிலிருந்து பெரிதும் துண்டிக்கப்பட்டே இருந்தது. 1999 இல் திறக்கப்பட்ட வெரைனா சுரங்கம் கீழ் எங்கடினையும் வடக்கோடு இணைத்தது.

இந்த ஊர்களின் பெரிய வீடுகளைப் பார்த்து, இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செல்வத்திற் புரண்டவர்கள் என்று எண்ணுவோர் எம்மிடையே உளர். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. கீழ் எங்கடினின் பல ஊர்கள் 1621, 1622 ஆம் ஆண்டுகளில் ஒஸ்றியப் படைகளால் எரிக்கப்பட்டன. குவார்டாவும் அவற்றுள் ஒன்று. இன்று நாம் அங்கே காணும் அழகிய வீடுகள் பல, எரிந்த ஊரை மீளக் கட்டியோர் எழுப்பியவை. நிலம் போதாமையால் இம்மக்கள் பிழைப்புத் தேடி வெளியேறினர். வெனிஸ் நகரில் இனிப்புப் பண்டம் செய்வோராக அவர்கள் பேர் பெற்றனர். 1766 இல் வெனிஸ் குடியரசு அவர்களை வெளியேற்றியது. அதன்பின் ஐரோப்பாவின் பல நகரங்களுக்கும் சிதறிச் சென்று வெதுப்பகங்களும் கோப்பிக் கடைகளும் நடத்தினர். கோடைகாலத்தில் மட்டும் ஊர் திரும்பும் அவர்களை உள்ளூரார் ‘றண்டுலின்’ என்று அழைத்தனர். அவர்களது மொழியில் அது பருவந்தோறும் வந்து போகும் சிறு பறவையை, தகைவிலானைக் குறிக்கும் சொல்.

அந்நிய நகரில் அடுப்படியில் நின்று உழைத்து, ஊருக்குப் பணம் அனுப்பி, கல்வீடு கட்டிய மக்கள் இவர்கள். 1980களில் சுவிஸ் உணவகங்களிற் கோப்பை கழுவி யாழ்ப்பாணத்துக்குப் பணம் அனுப்பிய எம்மவருக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

சபையின் வாசல்

எம்மவர் ‘கெமைண்டே’ என வழங்கும் உள்ளூராட்சிச் சபையே சுவிஸ் வாழ்வின் அடித்தளம். 2015 இல் ஆர்டெஸ், ஃப்தான், குவார்டா, செந்த், தராஸ்ப் ஆகியன ஸ்குவோலுடன் ஒன்றிணைந்து ஒரே சபையாயின. ஆதலால் நாம் வாழும் கிராமத்தின் பெயர் வேறாகவும், அலுவல் நடக்கும் சபையின் பெயர் வேறாகவும் இருக்கலாம்.

ஒரு சபையிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்தால் 14 நாள்களுள் புதிய சபையின் குடியிருப்போர் பதிவகத்திற் பதிய வேண்டும். சுவிற்சர்லாந்தில் வதிவோர் யாவருக்கும் நோய்க் காப்புறுதி கட்டாயம். புதிதாக வந்தவரும் புதிதாகப் பிறந்த குழந்தையும் மூன்று மாதத்துள் அதிற் சேர்க்கப்பட வேண்டும். தஞ்சக் கோரிக்கை விசாரணையில் உள்ளவர்களுக்கு இதனைக் கன்ரோனே ஒழுங்குசெய்கிறது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது தபாற்பெட்டி. சிறிய விடயமாகத் தோன்றும். எம்மவர் பலரது வழக்கு இங்கேதான் தோற்கிறது. பெட்டியிற் பெயர் தெளிவாக ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பதிவுத் தபால் வந்து, நாம் வீட்டில் இல்லாவிடில், தபாற்காரர் ஓர் அறிவித்தலை விட்டுச் செல்வார். ஏழு நாள்களுள் அதனைச் சென்று எடுக்காவிடினும், சட்டத்தின் பார்வையிற் கடிதம் நமக்குக் கிடைத்துவிட்டதாகவே கொள்ளப்படும். மேன்முறையீட்டுக் காலம் அதன் மறுநாளே எண்ணத் தொடங்கிவிடும். 2019 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள துரித விசாரணை முறையில், தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் மேன்முறையீட்டுக்கு 7 வேலைநாள்களே உண்டு. வேறொரு நாடு பொறுப்பு எனக் கூறிக் கோரிக்கையை ஆராயாமலே விடும் முடிவுகளுக்கு 5 வேலைநாள்கள் மட்டுமே. நீட்டிக்கப்பட்ட விசாரணையில் 30 நாள்கள். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கெடு எழுதப்பட்டிருக்கும். மொழி விளங்காவிடினும் அதே நாளில் சட்ட ஆலோசனை நிலையத்திடம் கொண்டுசெல்ல வேண்டும். இதே 2019 திருத்தத்தின்படி, கூட்டாட்சி மையங்களில் விசாரணைக்கு உட்படுவோருக்குச் சட்டத்தரணியின் துணை இலவசமாகக் கிடைக்கிறது.

குப்பை அகற்றுதலும் இங்கே ஒரு சட்டம். சுவிற்சர்லாந்தில் முதன்முதலாக 1975 இல் சென் காலன் நகரம் கட்டணப் பைகளை அறிமுகப்படுத்தியது. அதன்பின் நாட்டின் பெரும்பகுதியில் அம்முறை பரவிற்று. பைக்குரிய விலையிலேயே குப்பை எரிக்கும் செலவும் அடங்கியிருப்பதால், சாதாரணப் பையிற் போட்டு இரவில் வைத்துவிட்டுப் போவது திருட்டுக்கு ஒப்பாகக் கருதப்படும். பையைத் திறந்து, உள்ளே கிடக்கும் கடித உறையைக் கொண்டு ஆளைக் கண்டுபிடித்துத் தண்டம் விதிப்பதும் உண்டு. கண்ணாடி, தகரம், காகிதம் ஆகியவற்றை வேறாகப் பிரித்துக் கொடுத்தால் கட்டணப் பை மிச்சமாகும்.

மாடிக் குடியிருப்பில் உடுப்புத் துவைக்கும் அறைக்கு முறைநாள் உண்டு. இரவு பத்து மணிக்குப் பின் அமைதி காக்க வேண்டும் என்பது பொதுவழக்கு, ஞாயிற்றுக்கிழமையும் அவ்வாறே. குளிர்காலத்திற் பனி அகற்றும் வண்டிக்கு வழிவிடாமல் வீதியோரம் காரை நிறுத்துவோர் தண்டம் செலுத்துவர். ஏரி உறைந்து வெண்ணிலமாகக் கிடந்தாலும், சபையார் பாதுகாப்பானது என அறிவிக்கும் முன்னர் பிள்ளைகள் அதிற் கால்வைத்தல் ஆகாது. சேர்னெற்ஸ் அருகில் 1914 இல் நிறுவப்பட்ட தேசியப் பூங்காவுக்கு விடுமுறையிற் செல்வோர், குறித்த நடைபாதையை விட்டு விலகக் கூடாது. பூப் பறித்தல், தீ மூட்டல், நாய் கொண்டுசெல்லல் யாவும் அங்கே தடை.

ஆபத்து வேளையில் நினைவிலிருக்க வேண்டிய இலக்கங்கள்: பொலிஸ் 117, தீயணைப்பு 118, நோயாளர் வண்டி 144. மலையில் விபத்து நேர்ந்தால் 1414 என்ற இலக்கத்தில் றேகா எனும் வான்மீட்புச் சேவையை அழைக்கலாம். அதன் உலங்குவானூர்தித் தளம் ஒன்று சமேடனிலேயே உள்ளது. மனச்சுமை தாங்காதவர் 143 இல் எந்நேரமும் பேசலாம்; பெயர் சொல்லத் தேவையில்லை.

வேலையும் வீடும்

மேல் எங்கடினின் வாழ்வு விடுதிகளைச் சுற்றியே சுழல்கிறது. குளிர்காலமும் கோடையும் வேலை மிகும் பருவங்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பல விடுதிகள் கதவடைக்கின்றன. ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதைக் கையொப்பமிடும் நாளிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை செய்யும் உரிமை பெற்றவர், வேலையற்ற முதல் நாளுக்குள் பிராந்திய வேலைவாய்ப்பு நிலையத்திற் பதிய வேண்டும். கடந்த ஈராண்டில் 12 மாதங்கள் காப்புறுதிக்குப் பணம் செலுத்தியிருந்தாலே வேலையற்றோர் கொடுப்பனவு கிடைக்கும். சம்பளச் சிட்டைகளை எறிந்துவிடுவோர் பின்னர் இதை நிறுவ இயலாமல் தவிக்கின்றனர்.

2018 வரை, தஞ்சம் கோரியோரின் சம்பளத்தில் பத்து வீதம் சிறப்பு வரியாகப் பிடிக்கப்பட்டது. அவ்வாண்டு முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. ‘எஃப்’ பத்திரம் உடையோரை வேலைக்கு அமர்த்த 2019 முதல் தனி அனுமதி தேவையில்லை. முதலாளி அறிவித்தல் கொடுத்தாற் போதும். இம்மாற்றத்தை அறியாமல் ‘உன் பத்திரத்துக்கு வேலை தர முடியாது’ என்று திருப்பி அனுப்பும் முதலாளிகள் இருக்கலாம். அவர்களுக்கு இதனைப் பணிவாக எடுத்துச் சொல்வது நம் பொறுப்பு.

வீடு கிடைப்பது அரிது. மேல் எங்கடினின் வீடுகளிற் பாதிக்கும் மேற்பட்டவை வெளியூர்ச் செல்வந்தர் ஆண்டில் சில வாரங்கள் வந்து தங்கும் இரண்டாம் வீடுகள். 2012 மார்ச் 11 இல் நிகழ்ந்த மக்கள் வாக்கெடுப்பு, ஒரு சபையில் இத்தகைய வீடுகள் 20 வீதத்தைத் தாண்டுமாயின் புதிதாகக் கட்டுவதைத் தடுத்தது. ஆயினும் உள்ளூர்த் தொழிலாளிக்கு வாடகை வீடு இன்னும் எட்டாக்கனியாகவே உள்ளது. ஆதலால் வெற்று வீட்டுச் செய்தி பெரும்பாலும் விளம்பரத்தால் வருவதில்லை, வாய்வழியே வருகிறது. அயலவருடன் பேச்சு வைத்திருப்பவருக்கு அச்செய்தி முதலிற் கிட்டும்.

பாடசாலையும் ஒரு சிறுமொழியும்

எங்கடினுக்கு வரும் பெற்றோர் முதலில் திகைப்பது பாடசாலையிலேயே. ஜேர்மன் மொழி என்று எண்ணி வந்தால், பிள்ளை வேறொரு மொழியிற் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு திரும்புகிறது. அது றோமாஞ்சு மொழி. இலத்தீனிலிருந்து கிளைத்த இம்மொழியைத் தம் முதன்மை மொழியாகக் கொண்டோர் இன்று சுமார் 40,000 பேர் மட்டுமே. மேல் எங்கடினில் புட்டேர் என்றும், கீழ் எங்கடினில் வல்லாடேர் என்றும் அதற்கு இரு எழுத்துவழக்குகள் உண்டு. கீழ் எங்கடினில் ஆரம்ப வகுப்புகள் றோமாஞ்சிலேயே நடக்கின்றன. ஜேர்மன் பின்னர் சேர்கிறது. சமேடன், போன்றெசீனா முதலிய ஊர்களில் இரு மொழிகளும் சேர்ந்து கற்பிக்கப்படுகின்றன.

“நாற்பதினாயிரம் பேர் பேசும் மொழியைப் படித்து என் பிள்ளை என்ன செய்யப் போகிறது?” என்று கேட்கும் தந்தையின் கவலை நியாயமானதே. நாளை சூரிச்சுக்கு மாற நேர்ந்தால் ஜேர்மன்தானே வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு இரண்டு மறுமொழிகள் உண்டு. முதலாவது, அங்கே படிக்கும் பிள்ளை ஜேர்மனையும் கற்றே வெளியேறுகிறது. ஊரிற் பிறந்த றோமாஞ்சுப் பிள்ளைகளும் இரு மொழிகளுடனேயே வளர்கின்றனர். இரண்டாவது, இம்மொழியைத் தூக்கிப் பிடித்திருக்கும் மக்களிடம் எமக்குப் பாடம் இருக்கிறது.

சமேடன் ஊரவரான யாக்கியம் பிவ்றுன் 1560 இல் புதிய ஏற்பாட்டை இம்மொழியில் மொழிபெயர்த்து அச்சிட்டார். தமிழ் எழுத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வெளிவந்தது 1578 இல். அச்சு யந்திரத்தைக் கண்ட காலத்தால் இரு மொழிகளும் ஏறக்குறைய ஒத்த வயதின. 1919 இல் லியா றுமாஞ்சா என்னும் மொழிக் கழகம் தோன்றிற்று. 1938 பெப்ரவரி 20 இல் நாட்டின் வாக்காளரில் 90 வீதத்திற்கும் அதிகமானோர் றோமாஞ்சை நான்காவது தேசிய மொழியாக ஏற்றனர். ஜேர்மன் பேசும் பெரும்பான்மையினர், தமக்குத் தெரியாத ஒரு சிறுபான்மை மொழிக்காக வாக்களித்த அந்த நாளை, மொழியின் பேரால் நாடிழந்த நாம் வியப்போடுதான் நோக்க வேண்டியுள்ளது.

எனினும் சட்டம் மட்டும் ஒரு மொழியைக் காத்துவிடவில்லை. வீட்டில் அம்மொழியிற் பேசிய பெற்றோரும், அதில் நடக்கும் ஊர்ப் பாடற்குழுவும், பத்திரிகையும், வானொலியுமே காத்தன. எமது பிள்ளை பாடசாலையில் றோமாஞ்சும் ஜேர்மனும் கற்கட்டும். வீட்டில் தமிழ் பேசட்டும். மூன்று மொழிகள் பிள்ளைக்குச் சுமையாகா. தாய் தெளிவற்ற ஜேர்மனிற் பிள்ளையுடன் பேசுவதைவிட, தெளிந்த தமிழிற் பேசுவது பிள்ளையின் எல்லா மொழிகளுக்கும் நல்லது. தமிழ்ப் பாடசாலை தொலைவில் இருப்பின், இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஞாயிறு தோறும் ஒரு வீட்டு மேசையைச் சுற்றி அமர்ந்தாலே ஒரு பாடசாலை தொடங்கிவிட்டது.

வளர்ந்தோருக்கும் வழி உண்டு. கோடைகாலத்தில் சமேடனில் புட்டேர் வகுப்புகளும், ஸ்குவோலில் வல்லாடேர் வகுப்புகளும் பல ஆண்டுகளாக நிகழ்ந்து வருகின்றன. வணக்கம் சொல்ல ‘அலேக்ரா’ என்ற ஒரே சொல் போதும். கடையில் நுழையும்போது அச்சொல்லைச் சொல்லிப் பாருங்கள். ஜேர்மன் மொழி பேசி ஆண்டுக்கணக்கில் வாழ்பவருக்குக் கிடைக்காத முகமலர்ச்சி ஒன்று கிட்டும்.

ஒன்றை இங்கே வலியுறுத்த விரும்புகிறோம். வைத்தியரிடமோ அலுவலகத்திலோ தாய்க்காகப் பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது தகாது. தாயின் நோயையும் குடும்பத்தின் கடனையும் பத்து வயதுப் பிள்ளை வாய்திறந்து சொல்லவேண்டிய நிலையை உருவாக்காதீர்கள். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்து தருமாறு முன்கூட்டியே கேளுங்கள்.

சொக்கப்பனையும் வைக்கோல் மனிதனும்

எங்கடினின் கலை, அரங்கத்துள் மட்டும் அடங்கியதன்று. ஸ்குவோலில் ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி முதற் சனிக்கிழமை ‘ஹோம் ஸ்திறோம்’ எனும் வைக்கோல் மனிதனை எரிக்கின்றனர். ஊர் இளைஞரும் பிள்ளைகளும் வைக்கோலைப் புரியாகத் திரித்து, உயர்ந்த கம்பத்தைச் சுற்றிக் கட்டி, இரவு ஊர்கூடித் தீ மூட்டுகின்றனர். குளிர்காலத்தை விரட்டும் சடங்கு அது. கார்த்திகை விளக்கீட்டன்று கோயில் வாசலில் பனங்குற்றி நட்டு, பனையோலை சுற்றி, சொக்கப்பனை கொளுத்தும் எமது வழக்கத்தை அறிந்த எவருக்கும் அந்தத் தீ அந்நியமாகத் தோன்றாது. புரி திரிக்கும் கைகள் தேவைப்படும் வேலை அது. உதவிக்கு வருவோரின் பத்திரத்தை அங்கே யாரும் கேட்பதில்லை.

மார்ச் முதலாம் நாள் ‘சலண்டாமார்ஸ்’. மார்ச் மாதத் தொடக்கத்தைக் குறிக்கும் இலத்தீன் சொற்களிலிருந்து பிறந்த பெயர். பாடசாலைப் பிள்ளைகள் நீலச் சட்டையும் சிவப்புத் தொப்பியும் அணிந்து, மாட்டு மணிகளைக் கழுத்தில் மாட்டி ஒலித்துக்கொண்டு, ஊர்க் கிணற்றுத் தொட்டிகளைச் சுற்றி வந்து பாடுகின்றனர். ஊருக்கு ஊர் ஒழுங்கு சற்று மாறும். 1945 இல் செலீனா ஷோன்ஸ் எழுதி, அலோய்ஸ் கரிஜியே படம் வரைந்த ‘உவோர்சின்’ என்ற பிள்ளைகள் நூல் இவ்விழாவை உலகறியச் செய்தது. ஊர்வலத்துக்கு மிகச் சிறிய மணியே கிடைத்த ஓர் ஏழைச் சிறுவன், கடைசியில் நடக்க மனமின்றி, பனி மூடிய மலைக்குடிசைக்குத் தனியே ஏறிச்சென்று பெரிய மணியை எடுத்துவரும் கதை அது.

இவ்விழா நாளில் “எங்களுக்குரியதல்ல” என்று பிள்ளையை வீட்டில் நிறுத்திவைக்கும் பெற்றோர் உண்டு. மத வழிபாடு என அஞ்சுவோரும் உண்டு. அது பாடசாலையோடு சேர்ந்த ஊர் விழா. வகுப்பிலுள்ள பிள்ளைகள் யாவரும் வாரக்கணக்கிற் பாட்டுப் பழகிய பின், விழா நாளில் ஒரு பிள்ளை மட்டும் யன்னலோரம் நிற்பது எத்தகைய பாடத்தை அதற்குப் புகட்டும் என்பதைப் பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

வீதியில் நடந்தாலே காணக்கூடிய கலையும் உண்டு. எங்கடின் வீட்டுச் சுவர்களில் உள்ள வெண்கோடுகள் தூரிகையால் வரைந்தவை அல்ல. கருஞ்சாந்தின்மேல் வெண்சுண்ணம் பூசி, ஈரம் காயுமுன் சுரண்டி எடுத்த கோலங்கள் அவை. ‘ஸ்கிறாபிற்றோ’ என்பது அதன் பெயர். எமது முற்றத்துக் கோலத்தை நினைவூட்டும் வட்டப் பூக்களும், அலைகளும், மீன்களும் அங்கே உள்ளன. ஆர்டெசில் ஆதாமும் ஏவாளும் வரையப்பட்ட வீடு பெயர் பெற்றது. தம் கட்டட மரபைப் பேணியமைக்காகக் குவார்டா ஊருக்கு 1975 இல் வாக்கர் பரிசு கிடைத்தது. இவற்றைக் காண நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை.

நாடற்றவர் வரைந்த மலைகள்

சென் மொறிற்ஸ் நகரில் 1908 முதல் ஒரு கண்காட்சிசாலை இருக்கிறது. யோவான்னி செகந்தீனி என்ற ஓவியரின் பெயர் கொண்டது. எங்கடின் மலைகளின் ஒளியை அவரைப்போல் வரைந்தவர் இல்லை என்பர். அவரது வாழ்க்கையின் மற்றொரு பக்கத்தை எம்மவர் அறிவது நன்று.

1858 இல் அன்றைய ஒஸ்றியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்ட ஆர்க்கோவிற் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்தார். உறவினரின் கையில் அவரது ஒஸ்றியக் குடியுரிமை நீங்கியது. இத்தாலியக் குடியுரிமை வந்து சேரவில்லை. அன்றிலிருந்து இறக்கும்வரை எந்த நாட்டுப் பத்திரமும் இன்றியே வாழ்ந்தார். அதனாலே தம் வாழ்க்கைத்துணையைச் சட்டப்படி மணக்கவும் அவரால் இயலவில்லை. 1894 இல் குடும்பத்துடன் எங்கடினின் மேற்கு முனையிலுள்ள மலோயாவுக்கு வந்தார். ‘வாழ்வு’, ‘இயற்கை’, ‘மரணம்’ என்னும் மூன்று பேரோவியங்களில் ஈடுபட்டிருந்த வேளையில், 1899 செப்டெம்பரில், போன்றெசீனாவுக்கு மேலுள்ள ஷாவ்பெர்க் மலைக் குடிசையில், 41 வயதில் நோயுற்று மறைந்தார். மலோயாவின் சிறு மயானத்திலே அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று இப்பள்ளத்தாக்கு தன் முகமாக உலகுக்குக் காட்டும் ஓவியங்கள், தன் குடிமகனாக வாழாத ஒருவரால் வரையப்பட்டவை. பத்திரம் கையில் வந்தபின் வரைவேன் என்று அவர் காத்திருந்திருப்பின், அந்த மலைகள் வரையப்படாமலே போயிருக்கும். இதைச் சொல்வதால் நாடற்ற வாழ்வு நல்லது என்பதாகாது. அவரது குடும்பம் பட்ட இடர் பெரிது. எனினும் சட்டத்தின் தாமதம் ஒருவரது உழைப்பையும் கலையையும் நிறுத்திவைக்கத் தேவையில்லை என்பதற்கு அந்தக் கண்காட்சிசாலை சாட்சி.

எமது கலைக்கும் ஒரு மேடை

வாங்குவதோடு கொடுப்பதும் உண்டு. எமது பிள்ளைகளின் பரதமும் மிருதங்கமும் தமிழர் கூடும் பெருநகர மண்டபத்தில் ஆண்டுக்கொருமுறை மட்டும் அரங்கேறிவிட்டு அலுமாரிக்குள் முடங்க வேண்டியதில்லை. அநேக சபைகளிலும் பாடசாலையை ஒட்டிப் பல்பயன் மண்டபம் ஒன்று இருக்கும். உள்ளூர்ச் சங்கங்களுக்குக் குறைந்த வாடகையில் அதனைக் கொடுப்பது பல ஊர்களின் வழக்கம்.

சங்கம் அமைக்கப் பெரிய பணமோ அரசாங்கப் பதிவோ வேண்டியதில்லை. 1912 முதல் நடைமுறையிலுள்ள சுவிஸ் குடியியற் சட்டக்கோவையின் 60 ஆம் பிரிவின்படி, இலாப நோக்கமற்ற ஒரு சங்கம், தன் நோக்கத்தையும் அமைப்பையும் எழுத்திலே விதிகளாக வகுத்துக்கொண்டால் அப்போதே சட்டத்தின் முன் ஓர் ஆளாகிவிடுகிறது. வெளிநாட்டவரும் அமைக்கலாம். எமது கிராமங்களில் நாலுபேர் கூடி வாசிகசாலையும் சனசமூக நிலையமும் தொடங்கிய அதே எளிமை இது.

தைப்பொங்கலுக்கு மண்டபம் எடுக்க விரும்பினால், சபைக்கு எழுத்து மூலம் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். ஒலிபெருக்கி எத்தனை மணிவரை, உணவு விற்பனையா விருந்தா, திறந்த தீ உண்டா என்பவற்றை மறைக்காது எழுதுங்கள். பொங்கற் பானைக்கு அடுப்பு வெளியில் வைப்பதாயின் தீப்பாதுகாப்பு அனுமதி தேவைப்படலாம். நிகழ்ச்சி முடிந்து மண்டபத்தைக் கழுவிக் கையளிக்கும் விதமே அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பம் என்பதை மறவாதீர். முக்கியமாக, அயலவரை அழையுங்கள். சர்க்கரைப் பொங்கலின் கதையைக் கேட்க வரும் றோமாஞ்சு ஆசிரியை ஒருவர், எமது பிள்ளைக்கு மறுநாள் வகுப்பில் புதிய முகமாகத் தோன்றுவார்.

பத்திரத்துக்கும் இதுவே வழி

இவையெல்லாம் வயிற்றுக்கும் வதிவுரிமைக்கும் உதவுமா எனக் கேட்போருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. தஞ்சக் கோரிக்கை முடிவுறாமலோ மறுக்கப்பட்டோ ஐந்தாண்டு இந்நாட்டில் வாழ்ந்தவருக்கு, கடுமையான தனிப்பட்ட நிலையைக் காட்டி ‘பி’ பத்திரம் கோரச் சட்டம் இடமளிக்கிறது. தற்காலிக அனுமதியாகிய ‘எஃப்’ பத்திரத்தோடு ஐந்தாண்டு கடந்தவரும் இவ்வாறு கேட்கலாம். அது தானே வந்துசேரும் உரிமையன்று. கன்ரோன் ஆராய்ந்து பேர்ணுக்குப் பரிந்துரைக்க வேண்டும். அப்போது நோக்கப்படுவன: பொது ஒழுங்கை மதித்தல், மொழியறிவு, வேலை அல்லது கல்வி, பிள்ளைகளின் பாடசாலை நிலை ஆகியன.

பிரஜாவுரிமைக்கு, 2018 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, பத்தாண்டு வதிவும் ‘சி’ பத்திரமும் வேண்டும். ‘எஃப்’ பத்திரத்தோடு வாழ்ந்த காலம் பாதியாக எண்ணப்படும். எட்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட காலம் பிள்ளைகளுக்கு இரட்டிப்பாக எண்ணப்படும். மொழியறிவு ஒரு தேசிய மொழியில் வேண்டும். தேசிய மொழிகளுள் றோமாஞ்சும் ஒன்று என்பதை நினைவிற் கொள்க. மேலும், அங்கே முதற்கேள்வி கேட்போர் உள்ளூரவர். ஊரைத் தெரியுமா, ஊர் உங்களைத் தெரியுமா என்பதே அக்கேள்விகளின் சாரம். 2003 ஜூலையில் கூட்டாட்சி உயர்நீதிமன்றம், காரணம் கூறாது வாக்குப்பெட்டியால் விண்ணப்பங்களை நிராகரிப்பது அரசியலமைப்புக்கு முரண் எனத் தீர்ப்பளித்தது. ஆகவே மறுக்கப்பட்டவர் காரணம் கேட்கவும் முறையிடவும் உரிமை பெற்றவர்.

2004 இல் நடைமுறைக்கு வந்த கிரவ்புண்டன் அரசியலமைப்பு, வெளிநாட்டவருக்கு உள்ளூர் வாக்குரிமை வழங்கச் சபைகளை அனுமதிக்கிறது. எல்லாச் சபைகளும் அதைச் செய்யவில்லை. நீங்கள் வாழும் சபை செய்திருக்கிறதா என்பதைப் பதிவகத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கடிதம் எப்போது வரும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. பலவேளைகளில் அது எமக்குச் சாதகமாக வருவதுமில்லை. ஊரிற் பங்குகொண்ட குடும்பங்களையும் திருப்பி அனுப்பிய முடிவுகள் உண்டு. அந்தக் கசப்பை மறைத்து எவருக்கும் இனிப்பான வாக்குறுதி தர நாம் விரும்பவில்லை. ஆனால் நிராகரிப்பை எதிர்த்து ஒரு குடும்பம் நிற்கவேண்டிய நாளில், அதற்காக மனு எழுதவும் கையொப்பமிடவும் முன்வருவோர் யார்? ஆசிரியை, மேல்வீட்டு முதியவர், பாடற்குழுத் தலைவர், விடுதியின் தலைமைச் சமையற்காரர். அவர்களுக்கு எம்மைத் தெரிந்திருந்தால் மட்டுமே அது நடக்கும்.

வரும் பெப்ரவரியில் ஸ்குவோலில் வைக்கோற்புரி திரிப்பார்கள். மார்ச் முதலாம் நாள் மணிகள் ஒலிக்கும். சபை வாசலில் அறிவித்தற் பலகை எந்நாளும் தொங்குகிறது. இவ்வாரமே பிள்ளையையும் அழைத்துச் சென்று, அதிலுள்ளதை அது வாசித்துச் சொல்லக் கேளுங்கள்.